மூன்று நாற்காலி சலூனுக்கு எந்த புக்கிங் ஆப்?

திருச்சி தில்லை நகரில் எங்கள் சலூன். மூன்று நாற்காலி. முடிவெட்டுக்கு இங்கே யாரும் நேரம் கேட்பதில்லை. வந்து உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டு காத்திருப்பார்கள். கலரிங், ஸ்ட்ரெய்ட்டனிங் ஆட்கள் அப்படி இல்லை. கையில் கத்தரி இருக்கும் நேரம் பார்த்துத்தான் போன் அடிப்பார்கள். அவர்களுக்காகத்தான் ஆப் தேடினோம்.

எந்த ஆப்பாக இருந்தாலும் நான் வைக்கும் சோதனை ஒன்றுதான். கலர் பூச அரை மணி நேரம், அது பிடிக்க இன்னொரு அரை மணி, அப்புறம் அலசி உலர்த்த வேண்டும். கலர் பிடிக்கும் நேரத்தில் மாஸ்டர் சும்மாதான் இருப்பார். வாடிக்கையாளரை சோபாவுக்கு மாற்றிவிட்டால் அந்த நாற்காலியில் ஒரு சின்னப் பையனுக்கு முடிவெட்டி அனுப்பிவிடலாம். பொதுவான அப்பாயின்மென்ட் ஆப்கள் பலவற்றில் மொத்த நேரமும் அடைபட்டுவிடும். ஞாயிறு காலை அப்படி அடைபட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

ஃப்ரெஷா என்ற சலூன் புக்கிங் ஆப்பில் இந்த இடைவெளிக்கென்றே 'ப்ராசசிங் டைம்' என்று ஒன்று இருக்கிறது. நாங்கள் அதை எடுத்ததற்கு முக்கியக் காரணம் அதுதான். கவனிக்க வேண்டியதும் உண்டு: ஃப்ரெஷாவின் சொந்தத் தளத்தில் தேடி நம்மிடம் வரும் புது ஆளின் முதல் புக்கிங்கில் 20 சதவீதம் கமிஷன். நம்முடைய லிங்க் வழியாக வந்தால் அது கிடையாது. அதனால் கண்ணாடிக்குப் பக்கத்தில் க்யூஆர் ஒட்டிவிட்டோம், இன்ஸ்டாகிராமிலும் அதே லிங்க்.

இதற்கு முன் பார்த்த ஒரு வெளிநாட்டு ஆப்பில் நினைவூட்டும் எஸ்எம்எஸ் பலருக்குப் போய்ச் சேரவே இல்லை. நம் நாட்டில் கடை பெயரில் எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டுமானால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி டிஎல்டி என்ற எஸ்எம்எஸ் பதிவேட்டில் அனுப்புநர் பெயர், செய்தியின் வாசகம் இரண்டையும் பதிவு செய்ய வேண்டும். அந்த ஆப்பின் டெமோ காட்டியவரிடம் "டிஎல்டி பதிவு யார் பெயரில்?" என்று கேட்டேன். முழித்தார். நீங்களும் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் நினைவூட்டல் போனால் இன்னும் நல்லது, எங்கள் ஆட்கள் அதைத்தான் பார்க்கிறார்கள்.

செவ்வாய் விடுமுறையை எல்லா ஆப்பிலும் போட்டுவிடலாம். தீபாவளிக்கு முந்தைய செவ்வாயை மட்டும் திறந்துவைக்க முடிகிறதா என்று பாருங்கள். "சீனியர் அக்கா இருந்தால்தான் வருவேன்" என்பவர்களுக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் வசதியும் வேண்டும்.

2025 செப்டம்பர் 22 முதல் சலூன் சேவைக்கு ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதம் ஆகிவிட்டது, ஆனால் உள்ளீட்டு வரிக் கடன் இல்லை. அதாவது ஆப்புக்குக் கட்டும் சந்தாவின் ஜிஎஸ்டியைக் கழிக்க முடியாது, அதுவும் செலவுதான். விலை சொல்பவர்கள் வரியைச் சேர்த்துச் சொல்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருவரே நடத்தும் பார்லர் என்றால் சோஹோ புக்கிங்ஸின் இலவசத் திட்டமே போதும். ஜெனோட்டி நல்ல மென்பொருள்தான், ஆனால் பல கிளை வைத்திருப்பவர்களுக்கானது. நமக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை.

சந்தா கட்டும் முன் நான்கைந்து போலிப் பெயர்களைப் பதிந்து, வாடிக்கையாளர் பட்டியலை எக்செல்லில் இறக்கிப் பாருங்கள். இறங்கவில்லை என்றால் அந்த ஆப் வேண்டாம்.