காரா கடலா, மெக்கென்சி முகத்துவாரமா? அடித்தரை ஜீவராசிகளுக்கு எது கஷ்டம்

ரெண்டும் ஆர்க்டிக் தான், ரெண்டுலயும் பெரிய ஆறு வந்து விழுது, ஆனா கடலடி கதை ஒண்ணு இல்ல.

ரஷ்யா பக்கம் காரா கடல்ல ஓப், எனிசேய்னு ரெண்டு ஆறு, எனிசேய் மட்டுமே வருஷத்துக்கு சுமார் 600 கன கி.மீ. நன்னீர் கொட்டுது, ஓப் வளைகுடா 800 கி.மீ.க்கு மேல நீளம்ங்கறதால உப்பு மெதுவா தான் ஏறும், அதுக்கேத்த மாதிரி கீழ இருக்கற கூட்டமும் மாறிட்டே போகும். வளைகுடாவோட உள்பக்கம் சடூரியா என்டோமான், உடம்பு மேல ஓடு அடுக்கடுக்கா இருக்கற, சேத்துல ஊர்ற கொஞ்சம் பயங்கரமான ஜீவன், விரல் நீளத்துக்குக்கூட வளரும். இன்னும் வெளிய போனா போர்ட்லாண்டியா சிப்பி, அதையும் தாண்டினா பிரிட்டில் ஸ்டார், அதாவது நட்சத்திர மீனோட சொந்தக்காரன். இந்த வகையறாவுக்கு நன்னீர் சுத்தமா ஆகாது, அதனால அது கண்ணுல பட்டாலே கடல் வந்துடுச்சுன்னு அர்த்தம்.

கனடாவோட மெக்கென்சி ஆத்துல தண்ணி எனிசேய்ல பாதி அளவு தான், ஆனா வண்டல்! வருஷத்துக்கு 10 கோடி டன்னுக்கு மேல, எனிசேய் எல்லாம் கிட்டயே வர முடியாது. போதாததுக்கு கரையோரம் 2 மீட்டர் ஆழம் வரைக்கும் ஐஸ் தரையோடயே ஒட்டிக்கும், அங்க குளிர்காலம் தாண்டி எதுவும் தங்கறது கஷ்டம். சுமார் 20 மீட்டர் ஆழத்துல பனிமுகடுகளோட (கடல் ஐஸ் ஒண்ணு மேல ஒண்ணு குவிஞ்ச மேடுகளோட) அடிப்பக்கம் உழவு மாதிரி தரையைக் கீறிட்டுப் போகும், அந்தப் பள்ளத்துல முதல்ல குடியேறறது சின்னப் புழுக்கள், சிப்பிக்கு வருஷக்கணக்காகும்.

என்னைக் கேட்டா மெக்கென்சி தான் கொடுமை. உப்பு மாற்றத்தைப் படிப்படியா பாக்கணும்னா மட்டும் காரா.