தேக்கா இலவசச் சாப்பாடு: ருசியைவிட இடம் பெரிது

வேலையில் அடிபட்டு ஸ்பெஷல் பாஸில் (கேஸ் முடியும்வரை தங்கக் கொடுக்கும் அனுமதிச் சீட்டு) உட்கார்ந்திருக்கும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். டி.டபிள்யூ.சி.2 என்ற தொண்டு அமைப்பு 2008 முதல் சிங்கப்பூர் தேக்காவில் (லிட்டில் இந்தியா) இலவசச் சாப்பாடு போடுகிறது. கஃப் ரோடு சாப்பாடு என்று கேட்டால் பழைய ஆட்கள் வழி சொல்வார்கள்.

இரும்புத் தகட்டுக்கு அடியில் விரல் சிக்கி, இழப்பீட்டுக்குக் கேஸ் போட்டதும் என் கம்பெனி சாப்பாட்டை நிறுத்திவிட்டது. ஸ்பெஷல் பாஸ்காரன் வேலைக்கும் போகக் கூடாது. அப்படித்தான் அந்த வரிசைக்கு வந்து சேர்ந்தேன். சோறு, பருப்பு, ஒரு காய், சில நாள் மீன், சில நாள் கோழி. பங்களாதேஷ்காரர்களும் நாமும் சேர்ந்து சாப்பிடுகிற இடம், ரசத்தைத் தேடக் கூடாது. சோறு தாராளம். தொண்டூழியர்கள் மேசை போட்டு உட்கார்ந்து கார்டைப் பார்க்கிறார்கள். அப்போதே "கேஸ் எதுவரை வந்திருக்கிறது, எம்.ஓ.எம் (மனிதவள அமைச்சு) கடிதம் வந்ததா" என்றும் கேட்கிறார்கள். எனக்குச் சோற்றைவிட அந்தக் கேள்விதான் உதவியது. புரியாத கடிதத்தை நீட்டினால் வாசித்து விளக்குவார்கள்.

இதையெல்லாம் தேக்காவில் ஏன் வைக்க வேண்டும், தொழிலாளர்கள் தங்கும் டார்மட்ரி பக்கம் கொண்டுபோனால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 2013 டிசம்பர் 8 அன்று தேக்காவில் நடந்த கலவரத்தை விசாரித்த குழுவும், தொழிலாளர்களுக்கான வசதிகளை அவர்கள் கூடும் இடங்களுக்கு வெளியே பெருக்கச் சொன்னது. பென்ஜுரு, கிராஞ்சி பொழுதுபோக்கு மையங்களை நான் குறை சொல்ல மாட்டேன். மளிகை வாங்கலாம், ஊருக்குப் பணம் அனுப்பலாம், விளையாடலாம். வேலையில் இருப்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமைக்கு அது போதும்.

கேஸ்காரன் கதை வேறு. கம்பெனியோடு தகராறு வந்ததும் அவன் டார்மட்ரியை விட்டு வந்து, தேக்கா பக்கம் கடைவீட்டு மாடியில் ஒரு கட்டிலுக்கு வாடகை கொடுக்கிறான். எம்.ஓ.எம் சேவை நிலையம் பெண்டிமியர் ரோட்டில், நடந்தே போய்விடலாம். டான் டோக் செங் ஆஸ்பத்திரியும் தூரமில்லை. கையில் பஸ்ஸுக்குக்கூட வெள்ளி இல்லாதவனைச் சாப்பிட கிராஞ்சிக்குப் போ என்றால் எப்படி? இன்னொன்றும் இருக்கிறது. டார்மட்ரி வாசலில் மேசை போட்டால் சூப்பர்வைசர் கண்ணில் படும். சம்பளம் பிடித்துவைக்கப்பட்டவன் ஒருத்தனாவது அங்கே வாய் திறப்பானா? தேக்கா கூட்டத்தில் யாரும் யாரையும் கவனிப்பதில்லை.

தேக்காவில் குடியிருப்பவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ரவல் ரோடு புளோக் கீழ்த்தளத்தில் ஆட்கள் படுத்துக் கிடந்தால், லிஃப்டுக்குப் போகிற பாட்டிக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் அவர்கள் குறை சொல்லும் சத்தமும் குப்பையும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தோடு வருகிறது. சாப்பாட்டு வரிசையில் நிற்பவன் கையில் கட்டோடு, பேசக்கூடத் தெம்பில்லாமல் நிற்கிறான். இரண்டையும் ஒன்றாக எண்ணி விரட்டுவது சரியில்லை. கூட்டத்தைக் குறைக்க 2022இல் தொடங்கி 2024 வரை, டார்மட்ரிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வர பாஸ் வாங்க வேண்டியிருந்தது. தேக்காவோடு சேர்த்து நான்கு இடங்களுக்கும் ஒரு நாளைக்கு மொத்தம் 80,000 பேர் வரை. கோயிலுக்குப் போகவும் அனுமதி கேட்ட காலம் அது!

சரி, முதல் தடவை போகிறவர்களுக்கு: ஸ்பெஷல் பாஸ், ஆஸ்பத்திரிச் சீட்டு, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சம்பளச் சீட்டு கொடுக்காத கம்பெனி என்றால், வேலை செய்த நாட்களையும் ஓவர்டைம் மணியையும் நோட்டில் எழுதி வைத்திருந்தால் அதையும் காட்டுங்கள். சாப்பிட்டதும் கிளம்பிவிடாமல் மேசையில் இருப்பவர்களிடம் பேசிவிட்டு வாருங்கள்.