பழைய டபுள்-வைடுக்கு எந்தக் குழாய்: பெக்ஸா, சிபிவிசியா?

1980களிலோ 90களின் தொடக்கத்திலோ கட்டிய மேனுஃபாக்சர்ட் ஹோம் (தொழிற்சாலையில் கட்டி, கொண்டுவந்து வைக்கும் வீடு) வாங்கியிருந்தால், முதல் வேலையாக சிங்க்குக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில், வளைகிற மாதிரி ஒரு குழாய் தெரிந்தால் அது பெரும்பாலும் பாலிபியூட்டிலீன் என்கிற பிளாஸ்டிக். 1978 முதல் 1995 வரை அமெரிக்காவில் ஏராளமான வீடுகளில் போட்டார்கள். குடிநீரில் கலக்கும் குளோரின் அந்தக் குழாயையும் அதன் பிளாஸ்டிக் ஃபிட்டிங்குகளையும் உள்ளுக்குள்ளேயே அரிக்கும். வெளியே பளபளவென்று இருப்பது ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் பிளந்துகொள்ளும். இது தொடர்பான வழக்கு 1995இல் 95 கோடி டாலருக்குச் சமரசமானது. அந்தப் பணத்தைக் கேட்பதற்கான கெடு எப்போதோ முடிந்துவிட்டது, ஆசைப்பட வேண்டாம்.

எங்களுடையது ஆஸ்டினுக்கு வெளியே, 80களின் கடைசியில் வந்த டபுள்-வைடு, அதாவது இரண்டு பாதியாகக் கொண்டுவந்து சேர்த்து வைத்த வீடு. 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் உறைந்தபோது அக்கம்பக்கத்தில் குழாய் வெடித்த வீடுகளைப் பார்த்த பிறகு, ஒட்டுப் போட்டே காலம் தள்ளுவதை விட்டு மொத்தமாக மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம். செம்புக் குழாய் விலையைக் கேட்டதோடு சரி. மிச்சம் இரண்டு: பெக்ஸ் என்கிற வளையும் பிளாஸ்டிக் குழாய், சிபிவிசி என்கிற விறைப்பான பிளாஸ்டிக் குழாய். நாங்கள் போட்டது பெக்ஸ். அதனால் இந்த அலசல் நடுநிலையானது என்று நடிக்கப் போவதில்லை.

சிபிவிசி நமக்குப் புதிதல்ல. ஊரில் கீசர் லைனுக்குப் போடுகிற அதே வெளிர்மஞ்சள் குழாய்தான். அப்பாவிடம் போனில் சொன்னபோது, “ஏம்ப்பா, சிபிவிசி போட்டா முடிஞ்சுதே, இதுக்கு என்ன ஆராய்ச்சி?” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. குழாய் மலிவு, தனிக் கருவி வேண்டாம், வெட்டிப் பசை தடவிச் செருகினால் வேலை முடிந்தது. சுடுநீரை இரண்டுமே தாங்கும். 180 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 100 பிஎஸ்ஐ அழுத்தம் வரை இரண்டுக்கும் தரச்சான்று உண்டு. குளோரினையும் சிபிவிசி நன்றாகவே தாங்கும். விலை, வெப்பம் என்று வாதாடிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். அங்கே பெரிய வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் வீட்டில் இருக்கிறது. அப்பா சொல்வது கான்கிரீட் வீட்டுக்கு. அது இருந்த இடத்தில் இருக்கும். இந்த வீடு இரும்புச் சட்டத்தின் மேல் வருவது, சட்டம் பியர்கள் என்கிற குட்டைத் தூண்களின் மேல் உட்கார்ந்திருப்பது, பியர்கள் மண்ணின் மேல் நிற்பவை. ஆஸ்டினிலிருந்து டல்லாஸ் வரை பல இடங்களில் அந்த மண் கருப்புக் களிமண். மழையில் உப்பும், கோடையில் வெடித்துச் சுருங்கும். நம் கரிசல் காட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பியர் இறங்கும், கதவு இறுகும், ஆள் வந்து ஜாக்கி போட்டு வீட்டைத் தூக்கி லெவல் செய்வார். அந்தத் தூக்கலில் தரைக்கு அடியில் ஓடும் குழாயும் சேர்ந்து வளைந்தாக வேண்டும். சிபிவிசி வளையாது, வயதாக ஆக முறுகிப்போகும். அதன் எல்போவிலோ டீயிலோ விரிசல் விழ இது ஒன்றே போதும். டபுள்-வைடில் இரண்டு பாதியும் சேருகிற கோட்டைத் தாண்டி ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்குத் தண்ணீர் போகும் இடம் இன்னும் மோசம். இரண்டு பாதியும் ஒரே அளவு இறங்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

அடுத்தது, விரிசல் எங்கே விழுகிறது என்பது. இந்த வீடுகளில் குழாய்கள் தரைக்கட்டைகளுக்கும் பெல்லி என்கிற அடித்துணிக்கும் நடுவே, கண்ணாடி இழைப் பஞ்சுக்கு மேலே ஓடுகின்றன. கசிந்தால் உடனே கீழே சொட்டாது. பஞ்சு குடிக்கும், கறுப்புத் துணி வயிறு போலத் தொங்கும். வீட்டுக்குள் பாத்ரூம் தரையில் பார்ட்டிக்கிள் போர்டு ஊறி மெத்தென்று அமுங்கும்போதுதான் விஷயம் தெரியவரும். துணியைக் கத்தியால் கீறினால் அழுக்குத் தண்ணீர் குடம்குடமாக முகத்தில் கொட்டும். ஆகவே கணக்கு எளிது: பெல்லிக்குள் எத்தனை இணைப்பு இருக்கிறதோ, அத்தனை இடத்தில் இது நடக்கலாம்.

சிபிவிசி நேர்க்குச்சியாக வருகிறது, 10 அடி நீளம். அதை உள்ளே நுழைக்க அடித்துணியை நீளமாகக் கீற வேண்டும்; குச்சிக்குக் குச்சி ஒரு கப்ளிங், திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு எல்போ. எல்லாம் மல்லாந்து படுத்து, இரண்டடி உயரத்துக்குள், பசை நெடியோடு. பெக்ஸ் சுருளாக வருகிறது. அங்கங்கே சின்னத் துவாரம் போட்டு, பாவாடைக்கு நாடா கோர்ப்பது போல ஒரு முனையில் தள்ளி மறுமுனையில் இழுத்துவிடலாம். வாட்டர் ஹீட்டர் அறையில் ஒரு மேனிஃபோல்டு (ஒரே இடத்திலிருந்து பல லைன்களாகப் பிரிக்கும் இணைப்பு) வைத்து, ஒவ்வொரு குழாய்முனைக்கும் தனித்தனி லைன் இழுத்தோம்: சுடுநீருக்குச் சிவப்பு, குளிர்நீருக்கு நீலம். குழாய் கூடுதலாகத்தான் செலவாகும். ஆனால் பெல்லிக்குள் ஒரு இணைப்புகூட இல்லை. எல்லாம் கைக்கு எட்டுகிற இடத்தில். எனக்கு இது ஒன்றே போதுமானதாக இருந்தது.

பெக்ஸிலும் ஏ, பி என்று வகை உண்டு. ஏ வகை இன்னும் நன்றாக வளையும், மடங்கிவிட்டால் சூடு காட்டி நிமிர்த்தலாம். நாங்கள் பி வகையும் கிளாம்ப் வளையமும் எடுத்தோம். வளையத்தை இறுக்கும் கருவி இடுக்கில் ஒரு கையால் பிடித்து அழுத்த வசதி. ஃபிட்டிங்கின் உள்விட்டம் குறுகலாக இருப்பதால் நீரோட்டம் கொஞ்சம் குறையும் என்பார்கள். எங்கள் ஷவரில் தெரியவில்லை.

பெக்ஸின் குறைகளும் உண்டு. எலி கடிக்கும், எங்கள் வீட்டில் இதுவரை கடித்ததில்லை, ஆனால் அடித்துணியில் ஓட்டை விட்டு வைத்தால் அழைப்பிதழ் வைத்த மாதிரி. வெயில் பட்டால் கெடும், ஆகவே தரையிலிருந்து மேலே ஏறும் இடத்தை மூடியாக வேண்டும். கேஸ் ஹீட்டரோடு நேராக இணைக்கக்கூடாது, 18 அங்குலமாவது உலோக இணைப்பு வேண்டும். உறைந்தால் குழாய் விரிந்து கொடுக்கும், ஃபிட்டிங் கொடுக்காது. ‘உறைபனியால் ஒன்றும் ஆகாது’ என்று கடைக்காரர் சொன்னால் பாதியை மட்டும் நம்புங்கள். நாற்பது வருடம் தாங்குமா? எங்கள் குழாய்க்கு இன்னும் அந்த வயது ஆகவில்லை. பாலிபியூட்டிலீனையும் வந்த புதிதில் இப்படித்தான் புகழ்ந்தார்கள் என்பது எனக்கும் உறுத்துகிறது. பெக்ஸ் அமெரிக்காவில் 1980களிலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது என்பதுதான் ஆறுதல்.

விற்கும்போது? சாம்பல் குழாய் இருந்தால் இன்ஸ்பெக்டர் அறிக்கையில் எழுதுவார், சில இன்சூரன்ஸ்காரர்கள் தயங்குவார்கள். அதை எடுத்துவிட்டீர்களா என்றுதான் கேட்கிறார்கள். எதைப் போட்டீர்கள் என்பது இரண்டாம்பட்சம். அந்த வகையில் சிபிவிசி போட்டவருக்கும் நஷ்டமில்லை. மாற்ற வேண்டியது சிங்க்குக்கு அடியில் இரண்டு மூன்று அடி மட்டும் என்றால் நானும் சிபிவிசியைத்தான் எடுப்பேன். அதற்காக ஒரு கருவி வாங்குவது வீண்.

எதைப் போட்டாலும், வீட்டை லெவல் செய்யும் வேலை பாக்கி இருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள். குழாய் போட்டபின் ஒரு இரவு முழுக்க அழுத்தத்தில் விட்டுப் பாருங்கள். காலையில் கேஜ் முள் இறங்கியிருக்கவில்லை என்றால், அப்புறம் பஞ்சைத் திருப்பி வைத்து அடித்துணியை டேப் போட்டு மூடலாம்.