கூப்பன் வெட்டிய காதல்

பென்சில்வேனியாவில் ஆடம்ஸ்டவுன் என்று ஒரு சின்ன ஊர். ஊரே பழம்பொருள் கடைகளால் பிழைக்கிறது. அங்கே ஞாயிற்றுக்கிழமை நடக்கும் ஒரு நீளமான சந்தைக் கொட்டகையின் கடைசி வரிசையில், பழைய ரேடியோ விற்பவருக்கும் பொத்தான் விற்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒரு காமிக்ஸ் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். நியூ ஜெர்சியிலிருந்து எனக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். இரண்டு வருடத்தில் ஒன்பது முறை போய்விட்டேன். பெட்ரோல் செலவை வீட்டுக்காரர் தனியாகக் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்.

முதல் தடவை போனது தோசைக்கல் தேடித்தான். இதே மாநிலத்தில் ஈரி என்ற ஊரில் கிரிஸ்வோல்ட் கம்பெனி ஒரு காலத்தில் வார்த்த இரும்புக் கல் கிடைத்தால் விடாதே என்று இங்கே நம்மவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அன்றைக்குக் கல் கிடைக்கவில்லை. கால் வலிக்கிறதே என்று இந்தக் கடை வாசலில் நின்றேன். சூப்பர்மேன், பேட்மேன் எல்லாம் மேஜை மேல், கண்ணுக்கு நேராக. மேஜைக்கு அடியில், தரையோடு தரையாக மூன்று அட்டைப்பெட்டிகள். அவற்றின் மேல் மார்க்கர் பேனாவில் 'ரொமான்ஸ்' என்று எழுதியிருந்தது. குனிந்தேன். அன்றைக்கு நிமிர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

இந்தச் சாமான் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கேப்டன் அமெரிக்காவைப் படைத்த ஜோ சைமன், ஜேக் கிர்பி ஜோடிதான் 1947இல் 'யங் ரொமான்ஸ்' என்ற இதழைத் தொடங்கியது. காதலையே முழுநேரத் தொழிலாக எடுத்துக்கொண்ட முதல் அமெரிக்கக் காமிக்ஸ் அது. அதற்கு முன்பே அமெரிக்காவில் 'உண்மைக் கதை' பத்திரிகைகள் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தன. ஒரு பெண் தன் தப்பைத் தானே ஒப்புக்கொண்டு எழுதுவதுபோல் வரும் கதைகள். அதைப் படமாகப் போட்டால் என்ன என்பதுதான் சைமனின் யோசனை. மூன்றாவது இதழுக்குள் அச்சிடும் எண்ணிக்கையை மூன்று மடங்காக்கினார்கள். பிறகென்ன, ஒருத்தன் டீக்கடை போட்டு ஓடினால் அதே தெருவில் பத்துக் கடை முளைக்கும் கதைதான். 1950 வாக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட காதல் இதழ்கள் கடைகளில் குவிந்து, ஒன்றையொன்று மிதித்து, பாதி செத்தும் போயின.

இவ்வளவு அச்சடித்த சாமான் இன்றைக்கு ஏன் அரிது? சேர்த்து வைத்தவர்கள் பையன்கள். அவர்கள் முகமூடிக்காரர்களைச் சேர்த்தார்கள். காதல் இதழ்களை வாங்கிய பெண்கள் படித்தார்கள், தோழிக்குக் கொடுத்தார்கள், அவள் இன்னொருத்திக்குக் கொடுத்தாள். அட்டை போய், பின் கழன்று, கடைசியில் குப்பைக்குப் போயிற்று. பின்னாளில் விலைப் பட்டியல் போட்டு வியாபாரம் பண்ணியவர்களும் ரொம்ப காலம் இதைச் சீந்தவில்லை. இப்போது சீந்துகிறார்கள். அங்கேதான் எனக்கும் அவர்களுக்கும் சண்டை.

காமிக்ஸ் சந்தையில் ஒவ்வொரு பிரதிக்கும் பத்துக்கு மதிப்பெண் உண்டு. அந்தச் சொற்களே ஒரு வேடிக்கை. 'குட்' என்றால் 2. அதாவது கந்தல். 'ஃபைன்' என்றால் 6. 'வெரி ஃபைன்' 8. பணம் கொட்டுகிறவர்கள் அதற்கும் மேலே உள்ளதைத் தேடுகிறார்கள், யாரும் தொடாத மாதிரி இருக்க வேண்டும் அவர்களுக்கு. வாங்கியதும் மதிப்பெண் போடும் கம்பெனிக்கு அனுப்பி, கெட்டி பிளாஸ்டிக்கில் அடைத்து சீல் வைத்து வாங்கிக்கொள்கிறார்கள். சீலை உடைத்தால் மதிப்பெண் போச்சு. ஆகவே யாரும் திறப்பதில்லை. அழுதுகொண்டே இருக்கும் ஒரு பெண்ணின் முகத்தை அட்டையில் மட்டும் பார்க்கலாம், உள்ளே ஏன் அழுகிறாள் என்று யாருக்கும் தெரியாது.

நான் வாங்குவது மதிப்பெண் 2, இல்லையென்றால் அதற்கும் கீழே. என் கைக்கு வந்த சிலவற்றைச் சொல்கிறேன்.

1960களின் தொடக்கத்து 'சீக்ரெட் ஹார்ட்ஸ்' ஒன்று. 12 சென்ட் இதழ், எனக்கு 8 டாலர். ஒரு பக்கத்தில் விளம்பரக் கூப்பனை யாரோ கத்தரித்து எடுத்திருக்கிறார்கள். நேர் கோடாகக்கூட இல்லை, வளைவு கத்தரிக்கோல். கூப்பன் போனால் அதன் முதுகில் இருந்த கதையின் ஒரு கட்டமும் போய்விடும். சந்தைக் கணக்கில் இது ஊனப் பிரதி. எனக்கோ அந்த ஓட்டைதான் பிரதியின் உயிர். ஆறு மாத விசாவில் வந்திருந்த அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, "ஓட்டைப் புஸ்தகத்துக்கு எவ்வளவுடி குடுத்த?" என்றாள். சொன்னேன். ரூபாயில் பெருக்கிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே வந்து, "பருவுக்குக் களிம்பா இருக்கும்டி. அந்த வயசுல வேற என்னத்துக்குத் தபால்ல எழுதிப் போடுவா?" என்றாள். சுற்றி மிச்சம் இருந்த எழுத்துகளைக் கூட்டிப் பார்த்தேன். முகக் களிம்பேதான்.

என் அம்மாவுக்கு இது புரிந்ததில் ஆச்சரியமில்லை. திருச்சியில் எங்கள் வீட்டில் வாராந்தரிகளின் தொடர்கதைகளைப் பக்கம் பக்கமாகப் பிரித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்து, பைண்ட் பண்ணுகிறவரிடம் காலிகோ போட்டு வாங்கி வைப்பாள். அந்தப் பக்கங்களின் ஓரத்தில் இருந்த பாதி ஜோக்கும் பாதி விளம்பரமும் எனக்கு இன்னும் மனப்பாடம். கதை மறந்துவிட்டது.

அடுத்தது, செயின்ட் ஜான் பதிப்பகத்தின் 'டீன்-ஏஜ் ரொமான்சஸ்' ஒன்று, அட்டை இல்லாமல். அட்டை இருந்திருந்தால் என் பர்ஸுக்கு அது எட்டாத கிளை. காரணம் மேட் பேக்கர். காதல் காமிக்ஸ் சேகரிப்பில் இன்று மிக அதிகமாகத் துரத்தப்படும் பெயர்களில் ஒன்று அவருடையது. 1921இல் பிறந்த கறுப்பின ஓவியர். வெள்ளைக்காரர்களே நிறைந்திருந்த ஒரு தொழிலில் நுழைந்து, தன் கோட்டாலேயே தனி இடம் பிடித்தவர். இதய நோயில் 1959இல், 37 வயதில் போய்விட்டார். அவர் வரையும் பெண்கள் நிற்கிற நிற்பைப் பாருங்கள். உடம்பின் எடை முழுவதும் ஒரு காலில் இறங்கியிருக்கும், பாவாடையின் மடிப்பு அந்தப் பக்கமாகவே விழும். துணி தெரிந்த கை. அதே பதிப்பகத்துக்கு எழுதிய டேனா டட்ச்சின் கதைகளில் பெண்கள் கொஞ்சம் சமர்த்துகள். தப்பான ஆளோடு ஒரு நாள் சுற்றிவிட்டு, உண்மையை மோப்பம் பிடித்து, வீடு திரும்பி, நிம்மதியாகத் தூங்கப் போவார்கள். உலகம் இடிந்து விழுவதில்லை.

மற்ற கதைகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது, அதையும் மறைக்க வேண்டாம். ஒரே மூச்சில் ஐந்து இதழ் படித்தால் ஆறாவது குமட்டும். சகுந்தலைக்கு மோதிரம் தொலைந்த மாதிரி, இங்கே எல்லாருக்கும் நடுவில் ஒரு தவறான புரிதல், கடைசிக் கட்டத்தில் ஒரு முத்தம். "நான்" என்று பேசும் பெண்களின் வாக்குமூலங்களைப் பெரும்பாலும் எழுதியது ஆண்கள் வேறு. 1954இல் காமிக்ஸ் தொழில் தனக்குத்தானே ஒரு தணிக்கை விதி போட்டுக்கொண்டது. காதல் கதைகள் குடும்பத்தின் மதிப்பையும் திருமணத்தின் புனிதத்தையும் வலியுறுத்த வேண்டும் என்பது அதில் ஒரு ஷரத்து. அதற்கு முன் வந்த கதைகளில் பணக்கார வீட்டுப் பையனின் அம்மா வாசலில் நிறுத்தி அவமானப்படுத்துவது, ஊர்ப் பேச்சு, பொய் சொல்லி வெளியே போவது என்று கொஞ்சம் உப்பு உறைப்பு உண்டு. பின்னால் வந்தவை பத்தியச் சாப்பாடு. கதைக்காக வாங்குகிறீர்கள் என்றால் 1954க்கு முந்தியதை வாங்குங்கள். படத்துக்காக என்றால் பிந்தியதிலும் சரக்கு இருக்கிறது. ஸ்பைடர்மேனைப் பின்னாளில் வரைந்த ஜான் ரொமீட்டா அதற்கு முன் பல வருடம் காதல் இதழ்களில்தான் கை பழகினார். 1966இல் ஸ்பைடர்மேனின் காதலி மேரி ஜேன் முதன்முதலாக முகம் காட்டும்போது ஏன் அத்தனை அழகாக இருக்கிறாள் என்பதற்கு விடை இந்தத் தரைப் பெட்டிகளில் கிடக்கிறது.

நான் வாங்காமல் திரும்பிய ஒன்றையும் சொல்ல வேண்டும். 'சீக்ரெட் ஹார்ட்ஸ்' 83ஆம் இதழ், 1962 நவம்பர். பெரியவர் அதை மட்டும் மேஜை மேல் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார். உள்ளே டோனி அப்ரூஸோ வரைந்த ஒரு கதை. படகு கவிழ்ந்து ஒரு பெண் அலையில் மூழ்கிக்கொண்டிருக்கிறாள். தசை பிடித்துக்கொண்டாலும் பரவாயில்லை, மால் என்பவனைக் கூப்பிடுவதைவிட மூழ்கியே போகிறேன் என்று நினைக்கிறாள். மால் என்பது காதலன் பெயர், பின்னால் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறான். அடுத்த வருடம் பாப் கலை ஓவியர் ராய் லிக்டென்ஸ்டைன் இந்தக் கட்டத்தை எடுத்து, படகையும் காதலனையும் நறுக்கிவிட்டு, மால் என்ற பெயரை பிராட் ஆக்கி, தசைப்பிடிப்பையும் நீக்கி, பெரிய கான்வாஸில் தீட்டினார். அது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. இதே இதழ் வரிசையின் 88ஆம் இதழிலிருந்து அவர் எடுத்து வரைந்த இன்னொரு முகம் 2010இல் ஏலத்தில் 4 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. மூலக் கதைகளில் வரைந்தவர் பெயரைக்கூடப் பெரும்பாலும் போடுவதில்லை அந்தக் காலத்தில்.

பெரியவர் உறையிலிருந்து எடுத்து என் கையிலேயே கொடுத்தார். கை துடைக்க ஒரு கர்ச்சீப்பும் கொடுத்தார். அருங்காட்சியகத்தில் ஆள் உயரத்துக்கு இருக்கும் முகம் இங்கே என் உள்ளங்கைக்குள் அடங்கியது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கன்னம் முழுக்கச் சிவப்புப் புள்ளி. அந்த அச்சுமுறையில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றையும் நாலு நாலு அளவில் கலந்து மொத்தம் 64 நிறம்தான். அதற்குள் ஒரு வெட்கத்தைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். விலையைப் பார்த்தேன், மூன்று இலக்கம். திருப்பிக் கொடுத்துவிட்டேன். வரும் வழியெல்லாம் வருத்தம்தான்.

இணையத்தில் வாங்கி ஒருமுறை சூடுபட்டேன். விற்றவர் பெயர் வேண்டாம். 'முழுப் பிரதி' என்று போட்டிருந்தார். வந்ததைப் பிரித்தால் நடு ஏட்டைக் காணோம். பின் அடித்த இதழில் நடு ஏடு கழன்றால் ஒரேயடியாக நாலு பக்கம் போய்விடும். நாயகி கோபித்துக்கொண்டு கதவைச் சாத்துகிறாள், அடுத்த பக்கத்தில் கல்யாண உடையில் நிற்கிறாள். கேட்டதற்கு, பக்கங்களை எண்ணவில்லை என்று பதில். அதிலிருந்து என் விதி ஒன்றுதான்: கையில் எடுத்து எண்ணிப் பார்க்க முடியாத பிரதியை வாங்குவதில்லை. இந்தக் கடையில் பெரியவரே எண்ணிக் காட்டுவார். குறையைச் சீட்டில் எழுதி உறையின் பின்னால் ஒட்டியிருப்பார். "கடைசிப் பக்கம் கிழிசல், செல்லோடேப் போட்டது ஒரு மடையன்" என்று ஒன்றில் பார்த்தேன். அந்த மடையன் தானே என்று பிறகு ஒப்புக்கொண்டார், பன்னிரண்டு வயதில், அக்காவின் புத்தகத்தில்.

குறை என்றால் இந்தக் கடையில் இரண்டு. கொட்டகையில் கோடையில் புழுக்கம் தாங்காது. இந்தக் காகிதம் மட்டமான செய்தித்தாள் ரகம், மரக்கூழின் அமிலம் அதற்குள்ளேயே இருக்கிறது, சூடும் வெளிச்சமும் பட்டால் பழுத்து அப்பளம் மாதிரி நொறுங்கும். ஜூலையில் வாங்குகிறவர்கள் கார் டிக்கியில் போட்டுவிட்டு ஊர் சுற்றாதீர்கள். நான் மைலார் உறையும் அமிலமில்லா அட்டையும் வீட்டிலிருந்தே எடுத்துப் போகிறேன், அவர் தரும் உறை சாதா பாலிதீன். இரண்டாவது, சார்ல்டன் கம்பெனி இதழ்களுக்கும் அவர் மற்றதற்குப் போடும் அதே விலையைப் போடுகிறார். சார்ல்டன் அச்சு எவ்வளவு மட்டம் என்பது சேகரிப்பவர்களுக்குத் தெரியும். உதட்டுச் சிவப்பு உதட்டைவிட்டு விலகிக் கன்னத்தில் நிற்கும். பேரம் பேசினேன், அசையவில்லை. ஐந்து சேர்த்து எடுத்தால் ஒன்று இலவசம் என்று மட்டும் இறங்கினார்.

போகிறவர்கள் ரொக்கம் கொண்டு போங்கள், கார்டு எடுக்கமாட்டார். காலை பத்துக்கு முன்னால் போனால் கூட்டம் இல்லை. காதல் பெட்டிகள் இன்னமும் தரையில்தான் இருக்கின்றன. மேஜை மேல் ஏற்றுங்கள் என்று நாலு தடவை சொல்லிவிட்டேன், சூப்பர்மேனை எங்கே வைப்பது என்கிறார். முட்டி வலிக்காரர்கள் கேட்டால் பொத்தான் அம்மாவின் கடையிலிருந்து ஒரு முக்காலி வாங்கித் தருவார். மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், போன மாதம் நான் மறந்து அந்த அம்மாவிடம் பேச்சு வாங்கினேன்.