‘பசுமை இணைப்பு’ என்று விற்கப்படும் ஃபைபர் பிராட்பேண்ட்: ஓராண்டு அனுபவம்

செப்புக் கம்பியில் வந்த பழைய இணைப்பைத் துண்டித்துவிட்டு ஃபைபருக்கு மாறி ஓராண்டு ஆகிறது. விளம்பரத்தில் வேகத்தைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது ‘பசுமை இணைப்பு’ என்ற சொல்தான். வேகத்தில் எனக்குக் குறையில்லை. அந்தப் பச்சை எவ்வளவு தூரம் சாயம் போகாமல் நிற்கிறது என்பதையே இங்கு மதிப்பிடுகிறேன்.

வீட்டு வாசல் வரை அந்தச் சொல் பொருந்தும். செப்புக் கம்பியில் தூரம் கூடக்கூடச் சிக்னல் நலிந்துவிடுவதால், அதிவேக இணையம் தர வேண்டுமானால் தெருவோரப் பெட்டிகளில் எந்நேரமும் மின்சாரம் தின்னும் கருவிகளை வைத்தாக வேண்டும். ஃபைபரில், ஜிபான் எனப்படும் முறையில், நிலையத்திலிருந்து புறப்படும் ஒற்றைக் கண்ணாடி இழையை ஒரு சிறிய ஸ்ப்ளிட்டர் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பங்கிட்டுத் தருகிறது. ஒளியைப் பிரிப்பதைத் தவிர வேறு வேலையில்லாத அதற்கு மின்சாரமும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம், குளிர்விக்க விசிறியும் வேண்டாம்.

வீட்டுக்குள் நிலைமை வேறு. இணைப்பு தந்த நிறுவனம் பொருத்திய ரூட்டரை மின் அளவுக் கருவியில் செருகிப் பார்த்தேன். அனைவரும் உறங்கிய நள்ளிரவிலும் 10 வாட். எல்லோரும் படம் பார்க்கும் மாலையில் அதைவிட ஓரிரு வாட்தான் கூடுதல். ஆண்டின் 8,760 மணி நேரமும் இப்படி விழித்திருந்தால் ஏறத்தாழ 88 யூனிட் ஆகிறது. சும்மா இருக்கும் ஈதர்நெட் போர்ட்டின் (ரூட்டரில் கம்பி செருகும் துளை) மின்செலவைக் குறைப்பதற்கான தொழில்நுட்பத் தரம் 2010-லேயே வந்துவிட்டது. இரவில் வைஃபையைத் தானாக நிறுத்தும் வசதியும் இந்த ரூட்டரில் உண்டு. ஆனால் அதை முடக்கியே கொடுக்கிறார்கள், கையேட்டிலும் ஒரு வரி இல்லை. செட்டிங்ஸில் தேடிப் பிடித்து இயக்கியபின் இரவுக் கணக்கு 6 வாட்டுக்கு இறங்கியது.

வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதால் வாரத்தில் மூன்று நாள் அலுவலகப் பயணம் மிச்சமாவதையும் நிறுவனம் தன் சாதனையாக எழுதிக்கொள்கிறது. பழைய இணைப்பில் காணொளிக் கூட்டம் பாதியில் உறைந்துபோகும் என்பதற்காகவே நான் வண்டி எடுத்த நாட்கள் உண்டு என்பதால் அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. அனுமதி தந்த மேலாளருக்கும் அதில் பங்குண்டு.

பொறுக்க முடியாதது எட்டாம் மாதம் நடந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ரூட்டரைப் ‘புது மாடல்’ என்று சொல்லி மாற்றினார்கள். பழைய அடாப்டரே பொருந்தியிருந்தும் அதையும் புதிதாகத் தந்தார்கள். பழையதை எடுத்துப் போகும்படி கேட்டபோது, “எங்களுக்குத் தேவையில்லை சார், நீங்களே போட்டுவிடுங்கள்” என்றார் வந்தவர். 2022-இல் மட்டும் உலகில் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது கால் பங்குக்கும் குறைவு.

இழைக்கு ஐந்தில் ஐந்து, ரூட்டருக்கு இரண்டு, திரும்பப் பெறும் ஏற்பாட்டுக்குச் சுழியம். இரண்டாம் ஆண்டுக்கும் பணம் கட்டிவிட்டேன். பழைய ரூட்டர் அதன் அடாப்டரோடு இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது.