கரோப் எந்த ஊர்? சத்துக் கணக்கு, ஐசோடோப், டிஎன்ஏ: எதை நம்பலாம்?

சைப்ரஸில் கரோப் மரத்தின் இனிப்பான நெற்றைக் 'கறுப்புத் தங்கம்' என்பார்கள். அனோயிரா கிராமத்தில் அதன் பாகைக் காய்ச்சி, இழுத்து இழுத்துப் பாஸ்டெலி என்ற மிட்டாய் செய்கிறார்கள். கிரீட், சிசிலி, போர்ச்சுகலின் அல்கார்வே, மொராக்கோ என்று மத்தியதரைக் கடலைச் சுற்றி இதே மரம்தான். ஊர்ப் பெயரை நம்பிக் கூடுதல் விலை கொடுக்கும்போது, உள்ளே வேறு நாட்டு நெற்று கலந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? அரைத்துப் பொடியாக்கிவிட்டால் கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது.

முதல் வழி, சத்துக் கூறுகள். சாதாரண உணவு லேபிலேயே செய்துவிடலாம், செலவும் குறைவு. விதையை நீக்கி, சதையை அரைத்து, ஈரம், புரதம், நார்ச்சத்து, கொழுப்பு, சர்க்கரை என ஒவ்வொன்றாக அளப்பார்கள். எடையில் ஏறக்குறைய பாதி சர்க்கரை, அதில் பெரும்பங்கு சுக்ரோஸ். கொழுப்பு மிகக் குறைவு. அண்மை அகச்சிவப்புக் கதிர்க் கருவி இருந்தால் இதையே ஓரிரு நிமிடத்தில் தோராயமாகச் சொல்லிவிடும்.

ஆனால் சர்க்கரை அளவு ஊரைவிட ரகத்தைத்தான் அதிகம் காட்டிக்கொடுக்கும். ஒட்டு ரகங்களின் நெற்றில் சதையும் இனிப்பும் அதிகம். தானாக வளர்ந்த மரங்களில் விதையின் பங்கு அதிகம். மொராக்கோவில் இந்த வகை மரங்கள் நிறைய. ஆகவே சைப்ரஸ் நெற்றும் மொராக்கோ நெற்றும் அழகாகப் பிரிந்து நின்றால், நாம் பார்ப்பது நாட்டு வித்தியாசமா, ஒட்டுமரத்துக்கும் காட்டுமரத்துக்கும் உள்ள வித்தியாசமா? இதைக் கேட்காமல் முடிவு எழுதுவது ஆபத்து. அப்புறம் முற்றிய பக்குவம், அந்த வருஷ மழை. வறுத்த பொடி என்றால் சூட்டில் சர்க்கரையே குறைந்துவிடும். ஒரே அறுவடையின் மாதிரிகளை வைத்து 'ஊரைப் பிரித்துவிட்டோம்' என்று சொல்பவர்களை நான் நம்ப மாட்டேன். இரண்டு மூன்று வருஷத்து நெற்று வேண்டும், கணக்கும் உலர் எடைக்குப் போட வேண்டும்.

ஆனாலும் இந்தச் சத்துப் பட்டியலில் ஒரு வரி எனக்குப் பிடிக்கும்: சாம்பல். பொடியைப் பீங்கான் கிண்ணத்தில் போட்டு 550 டிகிரி செல்சியஸ் உலையில் வைத்தால், சர்க்கரை, புரதம் எல்லாம் எரிந்துபோய் அடியில் வெளிறிய தூள் கொஞ்சம் மிஞ்சும். பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம், மாங்கனீசு, துத்தநாகம் எல்லாம் அதில்தான். சர்க்கரையை மரம் தானே செய்துகொள்கிறது. தாதுக்களை மண்ணிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். அதனால் ஊர் தேடுகிறவர் சர்க்கரையைவிடத் தாது வரிகளை முதலில் பார்ப்பது நல்லது. இரும்பை மட்டும் எச்சரிக்கையோடு எடுக்க வேண்டும், ஒட்டிய புழுதியிலிருந்தும் அரவை இயந்திரத்திலிருந்தும் அது வந்து சேரலாம்.

இரண்டாவது, ஐசோடோப், அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகைகள். ஸ்ட்ரான்ஷியம் 87-க்கும் 86-க்கும் உள்ள விகிதம் பாறைக்குப் பாறை மாறும். மரம் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும், வறுத்தாலும் மாறாது. சத்துக் கணக்கால் முடியாத இடத்தில் இது கைகொடுக்கும். சைப்ரஸின் துரோதோஸ் மலை பழைய கடலடிப் பாறை, அங்கே விகிதம் குறைவு. ஆனால் கரோப் மரம் சுண்ணாம்பு நிலத்தில் செழிப்பது. கடலில் உருவான சுண்ணாம்புப் பாறைகளின் விகிதம் நாட்டுக்கு நாடு பெரிதாக மாறாது. சைப்ரஸ் கடலோர நெற்றும் கிரீட் சுண்ணாம்பு மேட்டு நெற்றும் ஒரே எண்ணைக் காட்டலாம். மழைநீரைப் பின்தொடரும் ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஐசோடோப்களைச் சேர்த்தால் பிடி இறுகும். ஐசோடோப்களை அளக்கும் நிறைநிறமாலைமானி விலை உயர்ந்தது, எல்லா லேபிலும் இருக்காது.

டிஎன்ஏ சோதனை ரகத்தைச் சொல்லும், மண்ணைச் சொல்லாது. ஒரு ஒட்டுக்கிளையை எங்கே கொண்டுபோய் நட்டாலும் அதே டிஎன்ஏதான்.

என் தேர்வு இதுதான். ஆலை வாசலில் வந்து இறங்கும் முழு நெற்றுக்குச் சத்துக் கூறும் தாதுவும் போதும். சந்தேகப்பட்ட மூட்டையை மட்டும் ஐசோடோப்புக்கு அனுப்பலாம். வறுத்த பொடிக்குத் தாதுவும் ஸ்ட்ரான்ஷியமும். பாகுதான் கஷ்டம். நெற்றை ஆலைத் தண்ணீரில் ஊறவைத்து, வடித்து, காய்ச்சுகிறார்கள். பாகின் ஈரத்தில் இருப்பது ஆலைத் தண்ணீரின் ஆக்சிஜன். அந்தத் தண்ணீர் தாதுக்கள் மிகுந்த கடின நீராக இருந்தால் கால்சியமும் ஸ்ட்ரான்ஷியமும் அதோடு வந்து கலக்கும். நீண்ட கொதிப்பில் டிஎன்ஏவும் சிதையும். ஆகவே பாகில் ஊர்ப் பெயர் போட விரும்புகிறவர்கள் ஊறவைப்பதற்கு முன்பே, நெற்றாக இருக்கும்போதே, மாதிரி எடுத்துச் சோதித்து வைக்க வேண்டும்.