கேரவனோடு மலையேற ஏலகிரியா, ஏற்காடா, கொல்லிமலையா?

திருவொற்றியூர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, டெம்போ டிராவலர் ஒன்றைக் கேரவனாக மாற்றி அதிலேயே குடித்தனம் நடத்தும் எங்களுக்கு, மலைப்பயணம் என்றால் அடுப்பு, அலமாரி, தண்ணீர்த் தொட்டி என வீடு முழுவதையும் மேலே ஏற்றிப் பத்திரமாகக் கீழே இறக்குவது. ஆகவே மூன்று மலைகளையும் இயற்கை அழகை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது.

ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகளே. மீஞ்சூரில் வெளிவட்டச் சாலையைப் பிடித்து நசரத்பேட்டையில் பெங்களூரு நெடுஞ்சாலைக்கு மாறிவிட்டால் நகர நெரிசலில் சிக்க வேண்டியதில்லை. மீஞ்சூருக்கு அடுத்துள்ள எங்கள் பக்கத்துப் பொன்னேரியைப் போலவே, அடிவார ஊரின் பெயரும் பொன்னேரி என்பதில் எங்களுக்குத் தனி மகிழ்ச்சி. உயரம் ஏறத்தாழ 1,100 மீட்டர்தான் என்பதால் கோடையில் பகல் வெயில் உறைக்கும். அதுவே அதன் குறை.

ஏற்காட்டுக்குச் சேலம் வழியில் 20 வளைவுகள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், குக்கர் இல்லாமல் சோறு வேக நேரமாகும். விடுமுறை நாட்களில் ஏரியைச் சுற்றி எங்கள் நீளத்துக்கு வண்டி நிறுத்த இடம் கிடைப்பது அரிது.

கொல்லிமலைதான் என் மனத்தைக் கவர்ந்தது. ஆனால் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 வளைவுகள்! முதல்முறை இறங்கியபோது பிரேக்கை மிதித்தபடியே வந்ததில் பாதி வழியில் கருகல் வாடை எழுந்தது. சக்கரத்துக்கு அருகில் கையைக் கொண்டுபோக முடியாத அளவு அனல் அடித்தது. ஓரங்கட்டி நன்றாக ஆறவிட்ட பிறகே நகர்ந்தோம். ஏறிய கியரிலேயே இறங்கி, வேகத்தை எஞ்சின் கட்டுப்படுத்துமாறு விட்டு, பிரேக்கை அவ்வப்போது மட்டும் மிதிக்க வேண்டும் என்பதை அன்று கற்றோம். நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ எடை. அரைத் தொட்டியாக இருந்தால் ஒவ்வொரு வளைவிலும் அலைந்து வண்டியைச் சாய்க்கும் என்பதால், குடிக்கத் தேவையானதைக் கேனில் வைத்துக்கொண்டு தொட்டியைக் காலி செய்துவிடுவதே நல்லது. எங்களைப் போல் கடற்கரையோரம் வண்டி நிறுத்துவோர், உப்புக்காற்றால் பிரேக் குழாய்களில் துரு ஏறியிருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டிய பின்பே புறப்பட வேண்டும்.

வீட்டோடு செல்வதென்றால் தயங்காமல் ஏலகிரியைச் சொல்வேன். கொல்லிமலையையும் விட மனமில்லை. அடுத்தமுறை கேரவனை மலைக்குக் கீழே சேந்தமங்கலத்தில் நிறுத்திவிட்டு, மலைமேல் உள்ள செம்மேட்டுக்கு அரசுப் பேருந்தில் ஏறிச் சன்னலோரம் உட்காரப்போகிறோம்.